நாலாம் நம்பர் துப்பாக்கியும் டிரம் பாயும்

வட ஆற்காடு ஜில்லாவில் துப்பாக்கியைப் பற்றி டிரம் பாய் அளவுக்குத் தெரிந்த மனிதர் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. போலீஸ்காரர்களையும் பட்டாளத்துக்காரர்களையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டே இதைச் சொல்ல நான் தயார். அவர் தம் ஆயுளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் குமாஸ்தா. பாய் அங்கே டிரம் மேஸ்திரி. டேனரிக்குள் காலெடுத்து வைக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: டிரம் என்பது இரண்டு ஆள் உயரத்துக்கு இருக்கும் மரப் பீப்பாய். அதற்குள் தோலையும் பட்டைச் சாற்றையும் போட்டு நாள் கணக்கில் சுற்ற விடுவார்கள். உள்ளே தோல் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் டிரம் ஆடும். டிரம் ஆடினால் கட்டடம் ஆடும். கட்டடம் ஆடினால் ஆபீசில் என் மைப்புட்டி மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போகும். அப்போது பாயைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வைத்தியர் நாடி பார்க்கிற நேரம்தான் ஆகும். பிறகு டிரம்மின் விளிம்பில் ஓரிடத்தைத் தொட்டு, அங்கே ஒரு இரும்புத் துண்டை முடுக்கச் சொல்வார். ஆட்டம் நின்றுவிடும். எவ்வளவு இரும்பு என்பது பெரிசில்லை, எங்கே வைக்கிறோம் என்பதுதான் பெரிசு என்பது அவருடைய வேதம்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒருமுறை மானேஜர் அறையில் மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டது. இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் கைவிட்ட கேஸ். பாய் ஸ்டூலில் ஏறி, ஒரு இறக்கையில் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல்துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு இறங்கினார். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த மானேஜர் மாலை சங்கு ஊதியபோதுதான் கண் விழித்தார். மறுநாளும் அப்படியே. அந்த வருஷம் டேனரியில் உற்பத்தி கூடியதற்கு அந்தத் தோல்துண்டுதான் காரணம் என்று தொழிலாளர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். வேலூருக்கு இப்பால், ஒரு மொட்டைக் குன்றின் அடியில் ரைஃபிள் கிளப் ஒன்று இருந்தது. டாக்டர்கள், வக்கீல்கள், தோல் முதலாளிகள் உறுப்பினர்கள். எங்கள் முதலாளி ஆசையாகச் சேர்ந்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்புறப் படுத்துச் சுட்டார். இரண்டு முழங்கையும் தேய்ந்து போனதும், 'கம்பெனி சார்பில் இனிமேல் நீ போய்ச் சுடு' என்று என்னை அனுப்பிவைத்தார். நான் கோழிக்குக் கல் எறிந்தால்கூடப் பக்கத்து வீட்டுக் கூரையில் விழும். இருந்தாலும் போனேன். ஆச்சரியம், துப்பாக்கி எனக்கு வசப்பட்டது. அதற்கான காரணத்தைப் பிற்பாடு பாய் கண்டுபிடித்துச் சொன்னார். எனக்குச் சுடும்போது மனசில் யோசனையே ஓடுவதில்லையாம், அதனால்தான் கை ஆடுவதில்லையாம். அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

கிளப்பின் செயலாளர் சோளிங்கர்க்காரரான ஒரு ரிட்டயர்டு சுபேதார். நெட்டையான, சிரிக்காத மனிதர். குறி தப்புவதற்கு உலகத்தில் ஒரே காரணம்தான் உண்டு, அது மூச்சு என்பது அவர் கட்சி. "மூச்சு சரியா இருந்தா மூங்கில் குழாயிலகூட சுடலாம்" என்பார். ஆனால் அவராலும் சுட முடியாத துப்பாக்கி ஒன்று கிளப்பில் இருந்தது. அதுதான் நாலாம் நம்பர். ஐம்பது கஜத்தில் இலக்கு அட்டையின் நடுவைப் பார்த்துச் சுட்டால் ஒன்று மேலே போகும், ஒன்று இடப்பக்கம் போகும், ஒன்று எங்கே போயிற்று என்று குன்றைத்தான் கேட்க வேண்டும். விருந்தாளியாக வரும் அதிகாரிகளுக்கு மரியாதை செய்ய அதை வைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இலக்கு அட்டையை இழுத்து வரும் கம்பிச் சக்கரம் மாட்டிக்கொண்டது. நான்தான் பாயை அழைத்துப் போனேன். அவர் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது யாரோ ஒரு தாசில்தார் நாலாம் நம்பரைச் சுட்டுக்கொண்டிருந்தார். பாய் வேலையை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுபேதாரிடம் அனுமதி கேட்டு, காலியான துப்பாக்கியின் குழலை விரலால் ஒருமுறை தட்டினார்.

"சார், இதுக்கு குளிர் ஜுரம்" என்றார்.

சுபேதார் இதை ரசிக்கவில்லை. ஆனால் பாய் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். டிரம் ஆடுகிற மாதிரிதான் குழலும் ஆடுகிறது. டிரம்முக்கு உள்ள வைத்தியம்தான் இதற்கும். குழலின் நுனியில் சரியான இடத்தில் சரியான பாரம் ஒன்று உட்கார்ந்துவிட்டால் நாலாம் நம்பர் மனுஷனாகிவிடும். அடுத்த ஞாயிறு நீராவிக் குழாயிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை நட்டோடு வந்து நின்றார்.

அதிகாரிகளைத் தவிர, உறுப்பினர் அல்லாதவர் சுடக்கூடாது என்பது கிளப் விதி. உறுப்பினர் ஆக வேண்டுமானால் கமிட்டி ஒப்புக்கொள்ள வேண்டும். கமிட்டி, மேஸ்திரிகளை ஒப்புக்கொண்ட வழக்கம் இல்லை. ஆகவே பாரம் வைப்பது பாய், படுத்துச் சுடுவது நான் என்று ஏற்பாடாயிற்று. எனக்கு வாரத்துக்கு இருபது தோட்டா பங்கு. அந்த இருபதும் பாய்க்கு என்று ஆனது.

முதல் சில வாரங்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் குழல் நுனியில் கட்டினார். தராசுப் படிக்கல், பூட்டு, ஈயக் குண்டு. ஒரு வாரம் சைக்கிள் பெல்லைக் கட்டினார். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது டிங் என்று அடித்தது. கிளப் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர், உள்ளேயிருந்து மணி அடித்தால் டீ கொண்டுவர வேண்டும் என்று பழக்கப்பட்டவர். ஐந்து முறை சுட்டேன், ஐந்து டீ வந்தது. சுபேதார் ஐந்தையும் வரிசையாகக் குடித்தார். பட்டாளத்தில் எதையும் வீணாக்குவதில்லை.

பிறகு கடுக்காய்த் தூள் வந்தது. டேனரியில் தோலைப் பதமாக்க மூட்டை மூட்டையாகக் கிடப்பது. பாய் குழலின்மேல் நீளவாக்கில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதன்மேல் தூளைத் தூவி, மரச் சுத்தியலால் குழலை மெல்லத் தட்டினார். தூள் சில இடங்களில் குதித்தது, சில இடங்களில் அசையாமல் கூடி நின்றது. அவர் மூக்கைக் குழலோடு ஒட்டவைத்து அரைமணி நேரம் பார்த்தார். சுபேதாரும் குனிந்து பார்த்தார், உடனே தும்மினார், ஆராய்ச்சி அன்றைக்கு அதோடு முடிந்தது. ஆனால் போகும் வழியில், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாய் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆட்டத்த நிறுத்த முடியாது சார். நான்தான் இத்தினி நாளு தப்பா நெனச்சிட்டேன். ஊஞ்சல் இருக்குது பாருங்க, மேல போயி திரும்பறதுக்கு முன்னாடி ஒரு நொடி சும்மா நிக்கும். குழலும் அப்பிடித்தான். அது நிக்கிற அந்த நொடில குண்டு வெளிய வரணும். பாரத்த கொஞ்சம் முன்ன பின்ன தள்ளினா போதும், ஜாஸ்தி வேணாம்."

அதன்பின் அவர் லேத்தில் ஒரு பித்தளை வளையம் கடைந்தார். திருகினால் முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக நகரும் பாரம், ஓரத்தில் கோடு போட்டு எண்கள். குழலில் கீறல் விழக்கூடாது என்று சுபேதார் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், வளையத்துக்கும் குழலுக்கும் நடுவே செருப்பின் அடிக்கு வைக்கும் கெட்டித் தோலில் ஒரு வாஷர் வெட்டி இறுக்கினார். அந்தக் காய்ந்த தோலின் பிடியில்தான் எல்லாம் நின்றது. வாரம் நான்கு கோடு. ஒரு கோட்டுக்கு ஐந்து தோட்டா.

வாரங்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கோயிலில் காணாத பாஸ்டர் வீட்டுக்கே வந்து, பிரதர் வேறு சபைக்குப் போகிறாரா என்று கவலையோடு விசாரித்தார். "ஆமாங்க ஐயா, டிரம் பாய் சபைக்கு" என்றாள் என் மனைவி. பாஸ்டர் எங்களுக்காக ஜெபித்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுதப் பரிசோதனை வருகிறது என்று செய்தி வந்தது. உதவாத துப்பாக்கிகளைக் கழித்துக் கட்டி, எடுத்துப் போய் அறுத்துவிடுவார்கள். நாலாம் நம்பரின் பெயர்தான் பட்டியலில் முதலில் இருந்தது. பாய் சுபேதாருக்கு முன் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துச் சுபேதார் தம்முடைய பழைய பட்டாளத்துக் கோட்டிலிருந்து பெரிய பித்தளைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்து எடுத்து, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டார். பரிசோதனை அன்று பத்துக் குண்டும் அந்த வட்டத்துக்குள் விழுந்தால் நாலாம் நம்பரை அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பாயின் உறுப்பினர் மனுவை அவரே கையெழுத்துப் போட்டுக் கமிட்டியில் வைப்பார். வைத்தால் அது நிறைவேறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மனுவுக்குப் போட்டோ வேண்டும். ஆம்பூர் ஸ்டுடியோவில் போய் எடுத்துக்கொண்டு வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட புதுச் சட்டை, ஃபோட்டோகிராபரையே சுட்டுவிடுவது மாதிரி ஒரு பார்வை. அதை மடங்காமல் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி ஒருமுறை பார்த்துக்கொள்வார். நாற்பத்தைந்து வயது மனிதர், ஒரு கோரைப்பாயில் குப்புறப் படுத்துத் தாமே ஒரு தோட்டாவைச் சுட வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்டார். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதினேழாம் கோட்டில் அது கிடைத்தது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக, பொத்தானுக்குள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். சுபேதார் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இப்பதான் மூச்சு சரியா விடறான்" என்று என்னைச் சொன்னார். பாய் குழாயடியில் போய்க் கையும் முகமும் கழுவிக்கொண்டார்.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை, துப்பாக்கிகளைத் துடைத்து வைக்கும் பொறுப்பு எனக்கு. துடைப்பதோடு சரி, எதிலும் கைவைக்கக்கூடாது, வைத்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும் என்று சுபேதார் நோட்டீஸே ஒட்டியிருந்தார். நாலாம் நம்பரைத் துடைக்கும்போது அந்தத் தோல் வாஷர் என் கண்ணில் பட்டது. வெளுத்து, வறண்டு, ஓரத்தில் ஒரு விரிசல். ஆம்பூர்ப் பக்கத்து மனிதனுக்குக் காய்ந்த தோலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பிறத்தியார் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பையே எடுத்துத் தடவிக் கொடுக்கிற ஜாதி நாங்கள். என் பையில் சைக்கிள் சீட்டுக்கென்று ஒரு சின்னப் புட்டியில் மீன் எண்ணெய் எப்போதும் இருக்கும். நாளைக்கு இது பாயின் மானத்தைக் காப்பாற்றப் போகிற தோல், இப்படியா தாகத்தோடு கிடப்பது என்று நினைத்தேன். இரண்டே சொட்டு. விரிசல் மூடி, தோல் மினுமினுவென்று ஆயிற்று. திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். நான் படுத்தேன். முதல் மூன்று குண்டும் பொத்தானுக்குள். நாலாவது கோட்டைத் தொட்டது. ஐந்தாவது வெளியே. ஆறாவது அதற்கும் மேலே. என் மூச்சில் தவறில்லை, கையில் தவறில்லை. எண்ணெய் குடித்த தோல் பிடி விட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் வளையம் துளித் துளியாக முன்னே நழுவிக்கொண்டிருந்தது. அது எனக்கு எட்டாவது குண்டில்தான் விளங்கியது. மீதி இரண்டையும் என்ன நினைத்துக்கொண்டு சுட்டேன் என்று தெரியவில்லை. முதல் தடவையாக என் கை ஆடியது.

பாய் வந்து குனிந்து வளையத்தைக் கழற்றினார். தோலை விரலால் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். மீன் எண்ணெயின் வாசனையை டேனரிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கோரைப்பாயிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

சுபேதார், "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நம்ம கணக்கு தப்பு சார்" என்றார் பாய். "சாரு நல்லாத்தான் சுட்டாரு."

அதிகாரி பட்டியலில் கோடு போட்டார். நாலாம் நம்பர் அன்றைக்கே ஜீப்பில் ஏறிப் போயிற்று. சுபேதார் மேஜைமேல் தயாராக வைத்திருந்த மனுவை மடித்து டிராயருக்குள் வைத்தார். கிழிக்கவில்லை, ஆனால் டிராயருக்குள் போனது திரும்பி வராது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

அந்த வாரம் முழுக்க ஆபீசிலிருந்து டிரம் பக்கம் நான் போகவில்லை. வெட்கம் என்பது சின்ன வார்த்தை. அவர் கழுத்தை நானே நெரித்த மாதிரி இருந்தது எனக்கு. சனிக்கிழமை உட்கார்ந்து, செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு, உறுப்பினர் பதவியை விட்டு விலகுவதாகச் சுபேதாருக்கு ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். நல்ல கெட்டிக் காகிதம், ஆபீஸ் காகிதம்.

ஞாயிறு காலை கிளப்புக்குப் போனால், பாய் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பித்தளை வளையத்தை வெந்நீரில் கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்தார். உள்ளே தோல் இல்லை. நான் கடிதத்தை முதலில் அவரிடம் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். அவருக்குத் தமிழ் எழுத்து அத்தனை வேகமாக வராது. அந்தக் கால்மணி நேரம் என் வாழ்க்கையில் நீளமானது.

"எண்ணெ தடவினதுக்கா இம்மாம் பெரிய லெட்டரு?" என்றார். "காஞ்ச தோலப் பாத்துட்டு சும்மா போறவன் நம்ம ஊர்ல எவன் சார் இருக்கான்? நானே ரெண்டு வாட்டி தடவப் போயி கைய இழுத்துக்கினேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பாய். இது என் தப்புன்னு."

"சொன்னா சுபேதாரு உங்க பேர அடிச்சிருப்பாரு. அப்புறம் யாரு சுடறது? எனுக்கு கிளப்புக்குள்ள இருக்கறது உங்க கை ஒண்ணுதான் சார்."

பாய் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடிதத்தின் காகிதத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். நீளவாக்கில் மடித்து, நகத்தால் அழுத்தி, நேராக ஒரு பட்டையாகக் கிழித்தார். ரேக்கிலிருந்து இரண்டாம் நம்பர் துப்பாக்கியை எடுத்துத் தரும்படி சுபேதாரைக் கேட்டார். சுபேதார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், எடுத்துக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனார். பாய் என் கடிதத்தை அந்தக் குழலில் ஒரே சீராகச் சுற்றி, அதன்மேல் வளையத்தை ஏற்றி இறுக்கினார்.

"பேப்பர் நல்லா புடிக்குது. இதுக்கு யாரும் எண்ணெ தடவ மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கோரைப்பாயை உதறி விரித்தார். "படுங்க சார். மொதக் கோட்டுலேர்ந்து ஆரம்பிப்போம்."

படுத்தேன். கண்ணில் நீர் நின்றதால் முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. அந்த ஒன்றை மட்டும் பாய் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.